ராஜாமணி என்றுதான் சொன்னேன்

1

இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் முடிகிறது. மாந்தலேயிலும் சகாயிங்கிலும் பூமி ஆடி, அங்கே இந்தப் பத்திரிகை படிக்கும் உங்கள் வீடுகள் விழுந்த அன்று நான் இங்கே மந்தைவெளியில் என் இஸ்திரி வண்டியில் நின்று யாருடைய சட்டையையோ மடித்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கடை டிவியில் கட்டடங்கள் சரிவதைக் காட்டினார்கள். "பர்மாவாம்" என்று யாரோ சொன்னார்கள். நான் அடுத்த சட்டையை எடுத்தேன்.

நான் மாந்தலேயில் பிறந்தவள். பர்மா சர்க்கார் நம் ஆட்களை அனுப்பிய காலத்தில், பத்து வயதில், அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தேன். அங்கே நாலாவது வரை படித்தேன். இங்கே பள்ளிக்கூடம் போகவில்லை. அறுபது வருஷம் ஆகிவிட்டது. எங்களுக்குக் கொடுத்த அட்டையில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதியிருந்தார்கள். திரும்பினோம் என்றால் முன்னே ஒரு தடவையாவது இங்கிருந்து போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. எனக்கு இதுதான் வெளிநாடு. இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இங்கே சொன்னால் சிரிப்பார்கள்.

சில வருஷம் முன்னால் முதியோர் பென்ஷனுக்கு எழுதப் போனபோது பிறந்த ஊர் கேட்டார்கள். "மாந்தலே" என்றேன். எழுதுகிறவர் பேனா நின்றுவிட்டது. கூட வந்த என் மகன் குமார், "சார், மந்தைவெளின்னே போட்டுக்கோங்க. அம்மாவுக்கு ஞாபகம் சரியா இல்ல" என்றான். அவன் மேல் தப்பில்லை. பெருங்குடியில் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன், அரை நாள் லீவு போட்டு என்னோடு வரிசையில் நின்றான். அவனுக்கு மாந்தலே என்பது அம்மா எப்போதாவது தூக்கத்தில் சொல்லும் ஒரு வார்த்தை. நானும் அதற்கு மேல் அவனுக்கு எதுவும் சொன்னதில்லை. அவர்கள் எழுதியபடி நான் மந்தைவெளியில் பிறந்தவள் ஆகிவிட்டேன்.

2

பூகம்பம் நடந்த மூன்றாம் நாள் மா நூ ஒரு துணி மூட்டையோடு வண்டிக்கு வந்தாள்.

மா நூ பர்மாக்காரி. நாற்பது வயது இருக்கும். இங்கே படிக்க வந்து, பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மந்தைவெளி ஸ்டேஷன் பின்னால் தனியாகக் குடியிருக்கிறாள். இரண்டு வருஷமாக என்னிடம்தான் துணி போடுகிறாள். அவள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியும், கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்தைப் பார்த்தாலே தெரியாதா. நான் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல நினைப்பேன், வாய் வராது. தமிழை அவள் ஆட்டோக்காரர்களிடமும் மீன்காரியிடமும் கற்றுக்கொண்டவள். அதனால் அவள் பேச்சு என் மகன் பேச்சை விட மெட்ராஸாக இருக்கும்.

"ஆயா, இது அர்ஜென்ட்டு. நாளிக்கு காலைல வோணும். சுருக்கம் கீது பாரு, நீட்டா பண்ணிக் குடு. இல்லாங்காட்டி பேஜாரா பூடும்."

சட்டை என்று நினைத்து விரித்தேன். நீளமான வெள்ளைத் துணி. கீழே தமிழில் 'நிலநடுக்க நிவாரணம், உதவுங்கள்' என்று எழுதியிருந்தது. மேலே நம் பர்மிய வட்ட எழுத்து. பெட்டியை மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு வட்டமாக அதன் அடியில் போய் வெளியே வந்தது. எத்தனையோ வருஷமாகப் படிக்காத எழுத்து. வாய் தானாகச் சொன்னது. "ஙலியின்."

பூகம்பம் என்று அர்த்தம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போகத் திரும்பிய மா நூ நின்றாள். "இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"இல்ல. நீ படிச்ச." பிறகு பர்மியப் பேச்சில் ஏதோ வேகமாகக் கேட்டாள். எல்லாம் புரிந்தது. பதில் சொல்லத்தான் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. துழாவித் துழாவிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதைச் சொன்னேன். "தமின் ஸா பீபிலா?" சோறு சாப்பிட்டாயா என்று.

அவள் நடுத்தெருவில் நின்று அழுதாள். அவள் அம்மா பிழைத்துக்கொண்டார்களாம், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் இல்லையாம். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லையாம். மூக்கைச் சிந்திக்கொண்டே என்னைத் திட்டினாள். "ரெண்டு வருசமா என் துணிய தேச்சிகினு கீற. ஒரு வார்த்த சொன்னியா? நீ இன்னா ஆளு ஆயா!"

3

மா நூவும் அவளோடு பணம் திரட்டியவர்களும் ஒரு சின்ன புத்தர் கோயிலில் கூடுகிறவர்கள். பாதிப் பேர் தமிழர்கள், பாதிப் பேர் இங்கே படிக்கவும் வேலைக்கும் வந்த பர்மாக்காரர்கள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேலாயுதம் சார்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா வந்தது. அந்தக் கூட்டத்தில் உண்டியல் ஏந்துவது என்று முடிவு செய்தார்கள். மா நூ என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு நாலு பேர் முன்னால் நிற்கவே வராது. ஆனால் அவர்கள் வழக்கத்தைச் சொன்னதும் சரி என்று உண்டியலை வாங்கிக்கொண்டேன். பெட்டியை இரண்டு கையாலும் மார்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். குலுக்கக் கூடாது. வாயால் கேட்கக் கூடாது. போட்டவர் யாரானாலும், எவ்வளவு ஆனாலும், தலை குனிய வேண்டும். அவ்வளவுதான். பேச வேண்டாம் என்றால் எனக்கு அதை விட என்ன வேண்டும்.

வடக்கு மாட வீதி முனையில் நின்றோம். சாமிகள் ஒவ்வொன்றாகப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மோர், ஒரு பக்கம் புளியோதரைப் பொட்டலம். கொடுக்க வந்த கூட்டம் அது, எங்கள் பெட்டியிலும் போட்டார்கள். காவல் இருந்த போலீஸ்காரர் ஒருவர் பேனரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது இன்னா எழுத்து? யாரோ ஜாங்கிரி புழிஞ்சி வச்சா மாதிரி கீது."

"பர்மா எழுத்து சார்" என்றார் வேலாயுதம் சார், பர்மிஷன் கடிதத்தை நீட்டி.

"பர்மாவா? எங்க தாத்தா அங்கதான் ஓடிப் போனாரு. தேடிக் குடுப்பீங்களா?" என்று சிரித்துவிட்டு அவரும் போட்டுவிட்டுப் போனார். யூனிபாரம் பக்கத்தில் வந்ததுமே நான் வேலாயுதம் சார் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தேன். ரங்கூன் துறைமுகத்தில் அம்மா கழுத்தில் கிடந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டவர்களும் யூனிபாரம்தான் போட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு பெண், கூடையில் பொரி விற்கிறவள், என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஆத்தோரம் எங்க வூட்ட மிஷினு வச்சி இடிச்சாங்க. தூக்கி அந்தாண்ட கடாசிட்டாங்க. எங்களுக்கு இந்த மாரி யாராச்சும் பொட்டி தூக்கினு நின்னாங்களா? பூமி இடிச்சாத்தான் பொட்டி, கவுருமெண்டு இடிச்சா பொட்டி கெடையாதா?"

போடுகிறவர்களுக்குக் குனிவது போல அவளுக்கும் குனிந்தேன். "ஐய, நீ இன்னாத்துக்கு ஆயா குனியற?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் நிழலில் உட்கார்ந்தோம். திருவிழா பார்க்க வந்த என் மருமகள் கவிதாவும் எங்களோடு உட்கார்ந்தாள். வேலாயுதம் சார் ஒரு நோட்டை எடுத்தார். மா நூவும் இன்னும் இரண்டு பேரும் இந்தப் பணத்தோடு அங்கே போய், அங்கேயே தார்ப்பாயும் போர்வையும் அரிசியும் வாங்கி, கையில் கொடுத்துவிட்டு வரப் போகிறார்கள் என்றார். "இங்க இருக்கிறவங்க யாருக்காவது அங்க சொந்தம் இருந்தா பேர் சொல்லுங்க. தேடிப் பார்க்கச் சொல்றேன்."

மா நூ என் முழங்கையை இடித்தாள். "சொல்லு ஆயா. யாராச்சும் கீறாங்களா?"

கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ராஜாமணி" என்றேன். "மாந்தலே. எண்பது வயசிருக்கும்."

"யாரு அத்தை?" என்றாள் கவிதா.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

4

ராஜாமணி என் கூடப் பிறந்த அக்கா.

நமக்கெல்லாம் இரண்டு பெயர் உண்டு. வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் தெருவுக்கும் ஒன்று. அவளுக்கு வெளியே கின் மியா என்று பெயர். கப்பல் ஏறுவதற்கு மூன்று மாதம் முன்னால், பக்கத்துத் தெருவில் மர வேலை செய்த ஒரு பர்மாக்காரரோடு அவள் போய்விட்டாள். வயது பத்தொன்பது. அப்பா கத்தவில்லை, அடிக்கப் போகவில்லை. அவள் பாயைச் சுருட்டி வாசலில் போட்டார். "இனிமே இந்த வீட்ல அந்தப் பேரு கேக்கக் கூடாது" என்றார். எந்தப் பேரு என்று அம்மா கேட்கவில்லை. கின் மியா என்கிற பெயர்தான் என்று நாங்களே எடுத்துக்கொண்டோம். ராஜாமணி என்று பிறகும் அம்மா எப்போதாவது வாய்க்குள் சொல்வாள். மற்றதை யாரும் சொன்னதே இல்லை.

இங்கே வந்த பின்பும் அவள் கடிதம் போட்டாள். தமிழ் எழுத அவளுக்கு வராது, பர்மிய எழுத்தில்தான் எழுதுவாள். அப்பா உறையைப் பிரிக்காமலே அடுப்பில் வைப்பார். எனக்குக் கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்ததும் உறை மேல் பார்த்து வைத்திருந்த விலாசத்துக்கு அப்பாவுக்குத் தெரியாமல் நான் ஒரு கடிதம் போட்டேன். நான் இங்கே இருக்கிறேன் என்று விலாசம் மட்டும், நாலு வரி. அதற்கு மூன்று பதில் வந்தன. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி ஒரு வாரம் படிப்பேன். முதல் கடிதத்தில் அவளுக்குப் பெண் பிறந்திருப்பதாக எழுதியிருந்தாள். மூன்றாவதில், அப்பா சௌக்கியமா, என் பெயரைச் சொல்கிறாரா என்று கேட்டிருந்தாள்.

அப்பா அப்போதே இறந்துவிட்டிருந்தார். கடைசி வரை அவர் சொல்லவில்லை. அதை எப்படி எழுதுவது. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். வண்டியும் பிள்ளையும் வீட்டுக்காரர் குடியும் சேர்ந்து அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அவளும் நிறுத்திவிட்டாள். என் புருஷன் வீட்டில் இப்படி ஒரு அக்கா உண்டென்றே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை எத்தனை வருஷம் கழித்து எடுத்துச் சொல்வது?

மயிலாப்பூரில் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டபோது கின் மியா என்று சொல்லியிருக்க வேண்டும். பர்மாக்காரனைக் கட்டி, பர்மாக்காரர்களோடு அறுபது வருஷம் வாழ்ந்தவளை அங்கே யார் ராஜாமணி என்று கூப்பிடுவார்கள்? டோ என்று மரியாதை சேர்த்துக் கின் மியா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொன்னேன். கின் மியா என்றால் யார், ஏன் அந்தப் பெயர் என்று கவிதா கேட்பாள். கேட்டால் பாயைச் சுருட்டிப் போட்டதிலிருந்து சொல்ல வேண்டும். அப்பா போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் சொன்ன சொல் மட்டும் என் தொண்டையில் இருந்தது.

5

வைகாசியில் மா நூ திரும்பி வந்தாள். கறுத்து, இளைத்து, இருமலோடு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கவிதா எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"உன் ராஜாமணி ஆம்புடல ஆயா. மாந்தலேல இண்டியாகாரங்க வூடு ஒண்ணு உடாம கேட்டேன். கோயில்ல கேட்டேன். அப்டி ஒரு ஆளே இல்லன்ட்டாங்க."

"சரிம்மா" என்றேன்.

பிறகு அங்கே பார்த்ததையெல்லாம் சொன்னாள். கொடுக்கும்போது இரண்டு கையால் கொடுத்து, கொடுக்கிறவர்தான் நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முறை. வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. அதனால் அவள் போனில் கைகள் மட்டுமே இருந்தன. தார்ப்பாய் வாங்கும் கை, அரிசி வாங்கும் கை. ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். ஒரு படத்தில் நின்று சிரித்தாள்.

"இந்தப் பாட்டி செம கேடி. சகாயிங்ல ஒரு மடத்து வாசல்ல தார்ப்பாய்க்கு அடில குந்திகினு இருந்துச்சு. வூடு பூட்சாம். போர்வ குடுத்தேன். எந்த ஊர்லேர்ந்து வர்றேன்னு கேட்டுச்சு. இண்டியா, சென்னைன்னேன். உடனே இன்னா கேட்டுச்சு தெரியுமா? மந்தைவெளி எப்டி கீதுன்னு கேட்டுச்சு!"

கவிதா சிரித்தாள். "அங்கக்கீற பாட்டிக்கு மந்தவெளி எப்டி தெரியும்?"

"அதான! நான் அங்கதான் குடியிருக்கேன் பாட்டின்னேன். என் துணிய தேய்க்கிற ஆயா ஒண்ணு கீது, அதுவும் நம்ம ஊருதான்னேன். அந்த ஆயா நல்லா கீதான்னு கேட்டுச்சு. நல்லா கீது, வாய்தான் தொறக்காதுன்னேன். அப்டி சிரிச்சுது பாரு, பல்லே இல்ல."

"பேரு இன்னா?" என்று கேட்டேன்.

"டோ கின் மியா."

இஸ்திரிப் பெட்டி என் கையில் இருந்தது. யாருடைய வேட்டியோ தீய்ந்து வாடை வந்ததும் கவிதா பாய்ந்து பெட்டியை எடுத்தாள். "இன்னா அத்தை, கவனம் எங்க?" என்றாள். நான் போனில் இருந்த கையையே பார்த்தேன். அந்தக் கையைப் பார்த்து எனக்கு எதுவும் தெரியவில்லை. எண்பது வயதுக் கை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் போன் இருந்தது. மா நூவிடம் அந்த மடத்துப் பெரிய சாமியாரின் நம்பர் இருந்தது. நான் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் அக்கா கேட்பாளே, ஏன் பதில் போடவில்லை என்று. அதற்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டு பேசலாம் என்று நினைத்தேன். கவிதா இல்லாத நேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மா நூ துணி கொண்டுவந்தாள். "இன்னா ஆயா, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றாள். "வெயிலு" என்றேன். துணியை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

இப்படி ஒன்பது நாள்.

6

ஒன்பதாம் நாள் விடிந்ததும் நானே அவள் வீட்டு மாடி ஏறினேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். "அது எங்க அக்கா."

மா நூ செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை, மறுபடி மறுபடி போட்டாள். கடைசியில் பெரிய சாமியார் எடுத்தார். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். டோ கின் மியாவின் தங்கை இங்கே இருக்கிறாள் என்று அவள் பர்மியப் பேச்சில் சொன்னது எனக்குப் புரிந்தது. பிறகு அவர், "ஸோன் பீ" என்றார்.

மொழிபெயர்க்க மா நூ என் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். முடிந்துபோனாள் என்று எனக்குத் தெரியாதா.

மழை பிடித்துக்கொண்டதாம். தார்ப்பாய்க்குள் ஈரத்திலேயே கிடந்து காய்ச்சல் வந்து, நாலு நாளைக்கு முன்னால் போய்விட்டாளாம். மோன்யுவாவிலிருந்து மகள் வந்து காரியம் செய்துவிட்டுப் போனாளாம். மகளுடைய விலாசம் அவருக்குத் தெரியவில்லை. சாகிறதற்கு முன்னால் அக்கா அவரிடம் இரண்டு தடவை கேட்டாளாம், அந்தச் சென்னைப் பெண் மறுபடி எப்போது வருவாள் என்று.

அவள் எனக்காகத்தான் கேட்டாள் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. என்னைத் தெரிந்துகொண்டாளா, இல்லை சும்மா ஊர்ப் பெயரைக் கேட்டு ஆசைப்பட்டாளா, எனக்குத் தெரியவே போவதில்லை. நான் மா நூவிடம் முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவள் உயிரோடு இருந்தாள்.

அடுத்த பௌர்ணமிக்குப் புத்தர் கோயிலில் இறந்தவர்களுக்காகத் தண்ணீர் வார்த்தார்கள். சொம்பிலிருந்து துளித் துளியாக விட்டுக்கொண்டே பெயரைச் சொல்ல வேண்டும், செய்த புண்ணியம் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று. கவிதா துணைக்கு வந்திருந்தாள். சாமியார் என்னைப் பார்த்து யார் பேரில் என்று கேட்டார்.

"டோ கின் மியா" என்றேன். கோயில் முழுக்கக் கேட்டிருக்கும்.

"அந்தப் போர்வப் பாட்டியா? அது உங்களுக்கு யாரு அத்தை?" என்று கவிதா காதோடு கேட்டாள்.

"என் கூடப் பொறந்தவ."

அங்கேயே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"ஓடிப் போனவ தங்கச்சின்னு உங்க வூட்டு ஆளுங்க இன்னா நெனப்பாங்களோன்னுதான்."

"எங்கம்மாவே எங்கப்பா கூட ஓடி வந்தவங்கதான் அத்தை" என்றாள். "நாங்க இன்னா நெனக்கப் போறோம்?"

இவ்வளவுதான். இதை நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. மோன்யுவாப் பக்கம் நம் ஆட்கள் யாராவது இருந்தால், டோ கின் மியாவின் மகளைப் பார்த்தால் தயவு செய்து சொல்லுங்கள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். பெயர் எனக்குத் தெரியாது, கடிதத்தில் அக்கா 'பாப்பா' என்றுதான் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா மர வேலை செய்தவர். அவளுக்குத் தமிழ் தெரிந்திருக்காது, நம் பர்மியப் பேச்சிலேயே சொல்லுங்கள். உன் சின்னம்மா சென்னையில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். என் விலாசத்தைப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அவளை ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். கோபமாக எழுதினாலும் சரி. நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன். இந்தத் தடவை பதில் போடுவேன்.